அம்மா மீது பழி போடாதீர்கள்... எலிகள் சொன்ன பாடம்!

ஒரு தாய் எலி தன் குட்டிகளை ஒரு நாளில் எத்தனை முறை நக்கிக் கொடுக்கும்? 'இதையெல்லாமா உட்கார்ந்து எண்ணுவார்கள்?' என்று கேட்கத் தோன்றும். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் எண்ணினார்கள். கூண்டின் முன்னால் அமர்ந்து, மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை தாய் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று குறித்தார்கள். ஒரு வேளைக்கு 25 குறிப்புகள். ஒரு நாளைக்கு ஐந்து வேளை. ஆக, ஒரு தாய்க்கு தினமும் 125 குறிப்புகள். குட்டிகள் பிறந்த முதல் வாரத்தில் நாள் தவறாமல் இதே வேலை.

பார்ப்பவர்களுக்குக் கொட்டாவி வரவழைக்கும் இந்தக் கணக்கெடுப்புதான், அறிவியலின் ஒரு பெரிய நம்பிக்கையை அசைத்தது. 'பிறக்கும்போது எழுதப்பட்டது மாறாது' என்று நினைத்திருந்த ஜீன்களின் கதையில், பிறந்த பிறகு கிடைக்கும் அரவணைப்புக்கும் பங்கு உண்டு என்று காட்டியது. அந்த ஆய்வுக்குழுவின் தலைவர், மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் மீனி.

அவருடைய ஆராய்ச்சி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஆனால், பேசப்பட்டபோது பல இடங்களில் அது ஒரே வரியாகச் சுருங்கிவிட்டது: 'அம்மா சரியாகக் கவனிக்கவில்லை என்றால் குழந்தையின் ஜீனே கெட்டுவிடும்.' அந்த எலிகள் உண்மையில் சொன்னது இதுதானா? கதையை முதலில் இருந்து பார்ப்போம்.

'ஸ்ட்ரெஸ்' பிறந்த ஊர்

மாண்ட்ரியலுக்கும் மன அழுத்தத்துக்கும் பழைய உறவு. 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லை மருத்துவ உலகில் நிலைநிறுத்தியவர் ஹான்ஸ் செல்யே. 1907-ல் வியன்னாவில் பிறந்தவர். 1930-களில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் புதிய ஹார்மோன் ஒன்றைக் கண்டுபிடிக்கும் ஆசையில் எலிகளுக்குச் சினைப்பைச் சாற்றை ஊசி போட்டுக்கொண்டிருந்தார். எலிகளின் அட்ரினல் சுரப்பி வீங்கியது. நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கியது. வயிற்றில் புண் வந்தது. ஹார்மோன் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தார். ஆனால், வேறு எதை ஊசி போட்டாலும் அதே மூன்று மாற்றங்கள்தான் வந்தன. கடுங்குளிரில் வைத்தாலும் அதேதான்.

ஹார்மோன் கனவு கலைந்தது. ஆனால், அதைவிடப் பெரிய ஒன்று கையில் கிடைத்தது. துன்பம் எந்த வடிவில் வந்தாலும், உடல் ஒரே பாணியில்தான் பதில் சொல்கிறது என்று புரிந்துகொண்டார். 1936-ல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கடிதமாக அதை வெளியிட்டார். ஸ்ட்ரெஸ் ஆய்வுகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

அந்தப் பதில் எப்படி வேலை செய்கிறது? ஆபத்து என்று மூளை உணர்ந்ததும், அதன் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தட்டி எழுப்புகிறது. அது ஸ்ட்ரெஸ் ஹார்மோனைச் சுரக்கிறது. மனிதர்களுக்கு அது கார்ட்டிசால். உடனே ரத்தத்தில் சர்க்கரை ஏறும். உடல் ஓடவோ எதிர்க்கவோ தயாராகிவிடும்.

ஆபத்து போன பிறகு இது அடங்கியாக வேண்டும். வீட்டு மொட்டைமாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியில் மிதவை இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறிப்பிட்ட மட்டத்துக்கு வந்ததும் மிதவை எழும்பி, மோட்டாரை நிறுத்திவிடும். மூளையில் அந்த மிதவை வேலையைச் செய்யும் இடங்களில் முக்கியமானது, நினைவாற்றலுக்குப் பேர்போன ஹிப்போகேம்பஸ் பகுதி. ஸ்ட்ரெஸ் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிகள் அங்கே உள்ளன. ஹார்மோன் போதும் என்று அவை உணர்ந்ததும் சுரப்பை நிறுத்தச் சொல்லும். ஏற்பிகள் நிறைய இருந்தால் பதற்றம் சீக்கிரம் அடங்கும். குறைவாக இருந்தால், தொட்டி வழிந்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

15 நிமிடப் பிரிவு

இந்த ஏற்பிகள் மூளையில் இருப்பதை 1968-ல் காட்டியவர் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூஸ் மெக்ஈவன். மாண்ட்ரியலில் முனைவர் பட்டம் முடித்த மைக்கேல் மீனி, அடுத்த கட்டப் பயிற்சிக்கு அவரிடம்தான் போனார். திரும்பி வந்து மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டக்ளஸ் மருத்துவமனையில் தன் ஆய்வகத்தை அமைத்தார்.

மீனியை இழுத்தது ஒரு பழைய புதிர். சீமோர் லெவின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1957-ல் விந்தையான ஒரு முடிவை வெளியிட்டிருந்தார். பிறந்த எலிக்குட்டிகளைத் தினமும் சில நிமிடங்கள் தாயிடமிருந்து எடுத்து, மறுபடியும் கூண்டில் விட்டார். குட்டிகள் மிரண்டு போயிருக்கும் என்றுதானே தோன்றும்? நடந்தது நேர்மாறு. அந்தக் குட்டிகள் வளர்ந்த பிறகு, கைபடாமல் வளர்ந்த எலிகளைவிட அமைதியாக இருந்தன.

மீனி இதைப் பின்தொடர்ந்தார். அப்படிக் கையில் எடுக்கப்பட்ட குட்டிகளின் ஹிப்போகேம்பஸில் ஏற்பிகள் அதிகமாக இருந்தன. அந்தப் பலன் எவ்வளவு காலம் நிற்கும்? மீனியும், மெக்ஈவனின் மாணவரான ராபர்ட் சபோல்ஸ்கியும் சேர்ந்து 1988-ல் 'சயின்ஸ்' இதழில் அதற்குப் பதில் சொன்னார்கள். பிறந்த மூன்று வாரங்களில் கிடைத்த அந்தச் சிறு அனுபவம், இரண்டு வயதுக் கிழட்டு எலிகளிலும் தெரிந்தது. அவற்றின் ஹிப்போகேம்பஸ் செல்கள் அவ்வளவாக அழியவில்லை. வழி கண்டுபிடிக்கும் சோதனைகளில் நினைவும் அவ்வளவாகத் தடுமாறவில்லை. எலிக்கு இரண்டு வயது என்பது நமக்குத் தள்ளாத வயது.

ஆனால், மனிதக் கை பட்டதால் மட்டும் இது எப்படி நடக்கும்? கூண்டைக் கவனித்தபோது விடை தெரிந்தது. குட்டி திரும்பி வந்ததும் தாய் அதை வழக்கத்தைவிட அதிகமாக நக்கிக் கொடுத்தது. பலன் தந்தது மனிதக் கை அல்ல, தாயின் நாக்கு!

நல்ல தாய், கெட்ட தாய் இல்லை

இங்கேதான் அந்த 125 குறிப்புகள் தொடங்கின. மனிதர்கள் தலையிடாமல் விட்டாலே, எல்லாத் தாய்களும் ஒரே அளவு நக்குகின்றனவா? இல்லை. சில தாய்கள் அதிகம் நக்கின, சில குறைவாக நக்கின, பெரும்பாலானவை இரண்டுக்கும் நடுவில் இருந்தன.

1997-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரை, அதிகம் நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்தபோது ஸ்ட்ரெஸ் ஏற்பிகள் கூடுதலாகவும், பதற்றம் குறைவாகவும் இருந்ததைக் காட்டியது.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். குறைவாக நக்கிய தாய்கள் குட்டிகளைக் கைவிட்டவை அல்ல. கூட்டில் குட்டிகளோடு இருந்த நேரம் இரண்டு வகைத் தாய்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். குட்டிகளின் எடையிலும் குறைவில்லை. எல்லாமே இயல்பான தாய்கள்தான். அந்த இயல்புக்குள் இருந்த வேறுபாடுதான் குட்டிகளின் மூளையில் தெரிந்தது.

சரி, 'அமைதியான தாய்க்கு அமைதியான பிள்ளை, இது பரம்பரைக் குணம்' என்று சொல்லிவிடலாமே? அதையும் மீனியின் குழு விட்டுவைக்கவில்லை. குட்டிகளைப் பிறந்தவுடனேயே இடம் மாற்றினார்கள். குறைவாக நக்கும் தாய் பெற்ற குட்டியை அதிகம் நக்கும் தாயிடம் விட்டார்கள். அது வளர்த்த தாயைப்போலவே அமைதியாக வளர்ந்தது. அதோடு நிற்கவில்லை. அந்தப் பெண் குட்டி வளர்ந்து தானே தாயானபோது, தன் குட்டிகளை அதிகம் நக்கியது. 1999-ல் வெளிவந்த இந்த ஆய்வு, ஒரு குணம் ஜீன் மாற்றம் இல்லாமலேயே தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறைக்குப் போக முடியும் என்று காட்டியது. பெற்றது ஒருத்தி, வளர்த்தது ஒருத்தி. குணம் வளர்த்தவளிடமிருந்து வந்தது.

மாட்ரிட்டில் ஒரு சந்திப்பு

ஒரு கேள்வி பாக்கி இருந்தது. நக்குவது முதல் வாரத்தோடு குறைந்துவிடுகிறது. பலனோ வாழ்நாள் முழுவதும் நிற்கிறது. அந்த நினைவை உடல் எங்கே எழுதி வைத்திருக்கிறது?

விடைக்கு உதவியவர் அதே மெக்கில் பல்கலைக்கழகத்தில் வேறு துறையில் இருந்த மோஷே ஷிஃப். புற்றுநோயில் டி.என்.ஏ. எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்தவர். ஒரே பல்கலைக்கழகத்தில் இருந்த இருவரும் ஆழமாகப் பேசிக்கொண்டது கடல் கடந்து, ஸ்பெயினின் மாட்ரிட் நகரில். மாநாட்டுக்குப் போன இடத்தில், ஒரு மதுக்கடை மேஜையில் நடந்த பேச்சில் இருந்துதான் கூட்டு ஆராய்ச்சி பிறந்தது என்று இருவருமே சொல்லியிருக்கிறார்கள்.

ஷிஃப்பின் துறை எபிஜெனெடிக்ஸ். பெயர் மிரட்டினாலும் விஷயம் எளிது. நம் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் ஒரே டி.என்.ஏ.தான் இருக்கிறது. ஆனால், கண் கண்ணாகவும் கல்லீரல் கல்லீரலாகவும் இருக்கின்றன. எப்படி? ஒரே சமையல் புத்தகம் எல்லா வீட்டிலும் இருந்தாலும், ஒவ்வொரு வீட்டிலும் சில பக்கங்களை கிளிப் போட்டு மூடி வைத்திருப்பதுபோல. எழுத்து மாறவில்லை, ஆனால், மூடிய பக்கத்தைப் பார்த்துச் சமைக்க முடியாது. டி.என்.ஏ.வில் அந்த கிளிப் வேலையைச் செய்பவற்றில் ஒன்று, மீத்தைல் என்ற சின்னஞ்சிறு ரசாயனத் தொகுதி. அது ஒட்டிக்கொண்டால், பொதுவாக அந்த ஜீன் அடங்கிவிடும்.

இந்த கிளிப்புகள் கருவில் இருக்கும்போது போடப்படுபவை, செல் முழுமையாக உருவான பிறகு அசையாதவை என்பதுதான் அன்றைய பாடம். தாய் நக்குவதால் மூளை செல்லில் அவை மாறும் என்றால் யார் நம்புவார்கள்?

2004-ல் 'நேச்சர் நியூரோசயின்ஸ்' இதழில் முடிவு வந்தது. ஸ்ட்ரெஸ் ஏற்பியைத் தயாரிக்கும் ஜீனின் தொடக்கப் பகுதியைப் பார்த்தார்கள். பிறந்த மறுநாள், இரண்டு வகைத் தாய்களின் குட்டிகளிலும் அங்கே மீத்தைல் கிளிப் இருந்தது. முதல் வாரம் முடிவதற்குள், அதிகம் நக்கப்பட்ட குட்டிகளில் அது கழன்றுபோனது. குறைவாக நக்கப்பட்டவற்றில் அப்படியே நின்றது. குட்டிகளை இடம் மாற்றினால் கிளிப்பும் வளர்த்த தாய்க்கு ஏற்ப மாறியது.

நக்கும்போது குட்டியின் உடலில் தைராய்டு ஹார்மோன் தூண்டப்படுகிறது. அது மூளையில் செரோடோனின் வழியாகச் செல்லுக்குள் ஒரு புரதத்தை எழுப்புகிறது. அந்தப் புரதம் ஜீனின் கதவைத் தட்டித் திறக்கிறது. தொடுகை ரசாயனமாக மாறும் வழி இதுதான்.

இன்னொரு ஆச்சரியமும் அதே கட்டுரையில் இருந்தது. வளர்ந்துவிட்ட எலிகளின் மூளைக்குள் ஒரு மருந்தைச் செலுத்தியபோது, அந்த கிளிப் கழன்றது; பதற்றமும் குறைந்தது. மனிதர்களுக்குப் போடக்கூடிய மருந்து அல்ல அது. ஆனால், ஒரு விஷயம் உறுதியானது. அந்தக் குறி அழியாத கல்வெட்டு அல்ல.

மனிதர்களுக்கும் பொருந்துமா?

2009-ல் மீனி, ஷிஃப், மனநல ஆய்வாளர் குஸ்தாவோ டுரெக்கி ஆகியோரின் குழு மனித மூளையைப் பார்த்தது. தற்கொலையால் இறந்த 24 பேர், வேறு காரணங்களால் இறந்த 12 பேர் ஆகியோரின் மூளைத் திசுக்கள் கியூபெக் மாநில மூளை வங்கியில் இருந்து எடுக்கப்பட்டன. அந்த 24 பேரில் 12 பேர் சிறு வயதில் கொடுமைக்கு ஆளானவர்கள். அந்த 12 பேரிடம்தான் அதே ஏற்பி ஜீனில் மீத்தைல் குறிகள் கூடுதலாக இருந்தன. சிறு வயதுக் கொடுமையை அனுபவிக்காத மற்ற 12 பேரின் மூளையில் அந்தக் கூடுதல் இல்லை. குறி, இறந்த விதத்தோடு அல்ல, வளர்ந்த விதத்தோடு சேர்ந்து வந்தது.

இயற்கையும் மாண்ட்ரியலில் ஒரு பரிசோதனையை நடத்தியது. 1998 ஜனவரியில் பனிமழை பெய்து, மின்கம்பிகள் பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் அறுந்து, கியூபெக் மாநிலத்தில் 30 லட்சம் பேர் வரை இருளில் தவித்தார்கள். சில வீடுகளுக்கு மின்சாரம் வர ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது, அதுவும் கடும் குளிர்காலத்தில். அப்போது கர்ப்பமாக இருந்த பெண்களையும், பிறகு பிறந்த பிள்ளைகளையும் டக்ளஸ் நிறுவனத்தின் சூசன் கிங் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். பிள்ளைகளுக்கு 13 வயதானபோது, அவர்களில் 36 பேரின் ரத்த செல்களை ஷிஃப்புடன் சேர்ந்து ஆராய்ந்தார். மீத்தைல் குறிகளில் தெரிந்த மாற்றங்கள், தாய் எவ்வளவு பயந்தாள், கலங்கினாள் என்பதோடு பொருந்தவில்லை. எத்தனை நாள் மின்சாரம் இல்லை, வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்ததா என்பது போன்ற வெளி நிலைமையோடு பொருந்தின.

இதன் அர்த்தம் பெரியது. கர்ப்பிணியிடம் 'நீ மனசைத் தைரியமாக வைத்துக்கொள்' என்று சொல்வதோடு வேலை முடியவில்லை. அவள் வீட்டுக்கு வெளிச்சமும் கதகதப்பும் வந்தாக வேண்டும்.

ஆனால், இந்த மனித ஆய்வுகளை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 36 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. உயிரோடு இருப்பவரின் மூளையை வெட்டிப் பார்க்க முடியாது என்பதால், ரத்தத்தையோ கன்னத்தின் உட்புறச் செல்லையோதான் எடுக்கிறார்கள். அங்கே தெரியும் குறி மூளையிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு விஷயங்கள் சேர்ந்து தெரிவதால், ஒன்றால்தான் மற்றது வந்தது என்றும் ஆகாது. எலிக்கு மூன்று வாரக் குழந்தைப் பருவம். மனிதக் குழந்தைக்கோ அப்பா, தாத்தா, பாட்டி, பக்கத்து வீடு, பள்ளிக்கூடம் என்று ஆண்டுக்கணக்கில் நீளும் உலகம்.

'பாட்டி பட்ட கஷ்டம் பேத்தியின் ஜீனில்' என்று வரும் தலைப்புகளையும் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். மீனியின் எலிகளில் குணம் அடுத்த தலைமுறைக்குப் போனது கருமுட்டை வழியாக அல்ல. ஒவ்வொரு தலைமுறையிலும் தாய் குட்டியை நக்கும் விதத்தால் அது புதிதாக எழுதப்பட்டது. அதனால்தான் வளர்க்கும் தாயை மாற்றினால் எழுத்தும் மாறியது.

தாயை யார் பார்த்துக்கொண்டார்கள்?

இப்போது முதலில் பார்த்த அந்த ஒற்றை வரிக்கு வருவோம். 'அம்மா சரியில்லை என்றால் குழந்தையின் ஜீன் கெட்டுவிடும்.' செய்திகளில் இது அடிக்கடி வரத் தொடங்கியதும், அறிவியல் வரலாற்றாய்வாளர் சாரா ரிச்சர்ட்சனும் வேறு சில அறிஞர்களும் 2014-ல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். 'தாய்மாரைக் குறை சொல்லாதீர்கள்' என்பதுதான் அதன் தலைப்பு. தந்தையின் பங்கு, குடும்பச் சூழல், வறுமை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, எபிஜெனெடிக்ஸ் முடிவுகளைத் தாய் மீது மட்டும் சுமத்துவது தவறு என்று எச்சரித்தார்கள்.

உண்மையில், இதற்கான பதில் மீனியின் ஆய்வகத்திலேயே அதற்கு முன்பே கிடைத்திருந்தது. ஒரு தாய் ஏன் குறைவாக நக்குகிறது? அவருடைய மாணவி ஃபிரான்சஸ் ஷாம்பெயின் இதை ஆராய்ந்தார். இயல்பாக அதிகம் நக்கும் பெண் எலிகளை எடுத்து, கர்ப்பத்தின் கடைசி வாரத்தில் நெருக்கடியான இடத்தில் அடைத்து வைத்து அழுத்தத்துக்கு உள்ளாக்கினார்கள். குட்டி ஈன்ற பிறகு அவை நக்குவது குறைந்தது. குறைவாக நக்கும் தாய்களைப்போலவே ஆகிவிட்டன. அழுத்தமே இல்லாத அடுத்த பிரசவத்திலும் அந்தக் குறைவு நீடித்தது. 2006-ல் வெளிவந்த இந்த முடிவை யாரும் தலைப்புச் செய்தியாக்கவில்லை. ஆனால், முழுக் கதையின் சாவி இதுதான். நாக்கு குட்டியின் மூளையை வடிவமைக்கிறது, சரி. அந்த நாக்கை வடிவமைப்பது தாய் வாழும் சூழல்!

இன்னும் ஒன்று. குறைவாக நக்கப்பட்ட குட்டிகள் 'கெட்டுப்போனவை' என்பதும் சரியல்ல. 2008-ல் அதே குழு நடத்திய சோதனையில், அழுத்தமான சூழலில் பாடம் கற்பதில் இந்த எலிகள்தான் முந்தின. அமைதியான சூழலில் பின்தங்கியவை, ஆபத்து நேரத்தில் கூர்மையாகிவிட்டன. வெளியே பூனை உலாவும் இடத்தில், சட்டென்று மிரளும் எலிதான் பிழைக்கும். தாய் தன்னையறியாமல் குட்டிக்கு அனுப்பும் செய்தி, 'வெளியே உலகம் இப்படி இருக்கிறது, தயாராக இரு' என்பதாக இருக்கலாம் என்பது மீனியின் விளக்கம். அதற்கு விலையும் உண்டு. எப்போதும் தயார் நிலையில் இருக்கும் உடல் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

பிற்காலத்தில் ஈடுசெய்யவும் வழி இருந்தது. தாய்ப்பால் மறந்த பிறகு, விளையாட்டுப் பொருள்களும் துணை எலிகளும் நிறைந்த பெரிய கூண்டில் விடப்பட்ட எலிகளில், தொடக்கத்தில் விடுபட்ட அரவணைப்பின் பாதிப்புகள் பெருமளவு சரியாயின. முதல் வாரம் முக்கியம்தான், ஆனால் கதை அதோடு முடிந்துவிடுவதில்லை.

சிங்கப்பூரின் 1,247 தாய்மார்கள்

எலிகளோடு தொடங்கிய மீனியின் பயணம் பிறகு கர்ப்பிணிகளிடம் வந்தது. கனடாவில் மாண்ட்ரியல், ஹாமில்டன் நகரங்களில் தாய்-சேய் ஆய்வு ஒன்றை நடத்தினார். பிறகு சிங்கப்பூர் ஆய்வாளர்களோடு கைகோத்தார். அங்கே 2009-10-ல் இரண்டு பெரிய மருத்துவமனைகளில் 1,247 கர்ப்பிணிகள் 'கஸ்டோ' என்ற ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். சீனர்கள், மலாய்க்காரர்கள், இந்தியர்கள் என மூன்று இனத்தவரும் அதில் உண்டு. சிங்கப்பூர் இந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தமிழர்கள் என்பதால், நம் வீட்டுப் பெண்களுக்கும் இந்த ஆய்வு நெருக்கமானது.

அங்கே பிறந்த 237 குழந்தைகளின் தொப்புள்கொடித் திசுவை ஆராய்ந்து 2014-ல் ஒரு கட்டுரை வந்தது. குழந்தைக்குக் குழந்தை மீத்தைல் குறி வேறுபடும் 1,423 இடங்களை எடுத்துப் பார்த்தார்கள். சுமார் 25 சதவிகித இடங்களில், பரம்பரை ஜீன் வேறுபாடே போதுமான விளக்கமாக இருந்தது. மீதி 75 சதவிகிதத்தில், ஜீனும் கருப்பைச் சூழலும் சேர்ந்த விளக்கம்தான் பொருந்தியது. சூழல் மட்டுமே சிறந்த விளக்கமாக நின்ற இடம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் தலையெழுத்து என்பதும் தவறு, எல்லாம் வளர்ப்பு என்பதும் தவறு. விதையும் மண்ணும் சேர்ந்துதான் பயிர்.

அதே ஆய்வில், பிறந்து இரண்டு வாரம்கூட நிறையாத குழந்தைகளைத் தூங்கும்போதே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பக் காலத்தில் மனச்சோர்வு அறிகுறிகள் அதிகம் இருந்த தாய்களின் குழந்தைகளுக்கு, பய உணர்வோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியின் நுண் அமைப்பில் வேறுபாடு தெரிந்தது. அதன் அளவில் வேறுபாடு இல்லை. இது நோய் அல்ல. ஒரு வேறுபாடு மட்டுமே.

இப்படிப் பல ஆய்வுகளைத் தொகுத்து மீனி 2018-ல் ஒரு மருத்துவ இதழில் எழுதியது முக்கியமானது. டாக்டர் 'மனச்சோர்வு நோய்' என்று பெயர் வைக்கும் எல்லைக்கோட்டைத் தொட்ட பெண்களுக்கு மட்டும்தான் உதவி கிடைக்கிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே, 'ஏதோ சோர்வாக இருக்கிறாள்' என்று சொல்லப்படும் பெண்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். பிள்ளைகள் மீதான தாக்கம் அந்தக் கோட்டில் திடீரென்று தொடங்குவதில்லை. சிறுகச் சிறுக ஏறுகிறது. ஆகவே, இது சில நோயாளிகளின் பிரச்னை அல்ல, எல்லாத் தாய்மாருக்குமான பொதுச் சுகாதாரப் பிரச்னை என்பது அவர் வாதம்.

கூண்டுக்குள் நக்குவதை எண்ணத் தொடங்கிய ஒருவர், கடைசியில் வந்து நின்ற இடம் இது. குழந்தையைக் காப்பாற்ற வேண்டுமா? முதலில் தாயைக் கவனியுங்கள்.

பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகளை நினைத்துப் பாருங்கள். 'பால் போதுதா?' 'எடை ஏறுதா?' 'ராத்திரி தூங்குதா?' எல்லாமே குழந்தையைப் பற்றியவை. 'நீ எப்படிம்மா இருக்கே? நீ தூங்கினியா?' என்று பெற்றவளைக் கேட்பவர்கள் குறைவு. கேட்டுவிட்டு, 'குழந்தையை நான் பார்த்துக்கிறேன், நீ ரெண்டு மணி நேரம் படு' என்று சொல்பவர்கள் அதைவிடக் குறைவு. அப்படிச் சொல்லும் கணவரும் மாமியாரும் நாத்தனாரும் செய்வது அவளுக்கான உதவி மட்டுமல்ல. அந்தக் குழந்தைக்கும்தான் அது போய்ச் சேர்கிறது.

பிரசவத்துக்குப் பின் முதல் சில நாள்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் இயல்பு. ஆனால், சோர்வும் அழுகையும் எதிலும் பிடிப்பில்லாத நிலையும் இரண்டு வாரங்களைத் தாண்டினால், 'எல்லாம் சரியாப் போயிடும்' என்று தள்ளிப்போடாமல் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். தன்னையோ குழந்தையையோ எதுவும் செய்துகொள்ளும் எண்ணம் வந்தால், ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. இது குணக்கேடும் அல்ல, பாசக்குறைவும் அல்ல. சிகிச்சையால் சரியாகக்கூடிய உடல்நலப் பிரச்னை.